ஊசி சொன்ன ஓம்

லுணுகலைப் பக்கத்துக் கறுத்தப்பாறைத் தோட்டத்துக்குக் கரண்டு வந்தபோது விளக்கைப் பார்க்க, ஆட்கள் குடியிருக்கிற லயங்களெல்லாம் திரண்டு ஸ்டோர் வாசலுக்குப் போயின. தேயிலை ஆலையைத்தான் அந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். கரண்டு உண்டாகிற இடத்தைப் பார்க்க ஒரு காக்காயும் போகவில்லை. ஸ்டோருக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற பள்ளத்தில், ஆற்றோரமாக ஒரு தகரக் கொட்டகை. மேலேயிருந்து இரும்புக் குழாயில் இறங்கி வருகிற தண்ணீர் சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் டைனமோவைச் சுற்றும். டைனமோவைச் சுற்றி வருகிறவர் அழகையா.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது. அழகையாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. தாயும் தகப்பனும் ஒரு காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். கூடப்பிறந்தவர் யாருமில்லை. கல்யாணத்தைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் வேண்டும், அந்த ஆளும் இல்லை. இளமையில் கொழுந்துத் தராசு பிடித்தவர் என்பதால் பெருக்கலும் வகுத்தலும் வாயிலேயே போடுவார். டைனமோவுக்கு ஆள் தேடியபோது, கணக்குத் தெரிந்தவன், ஒண்டிக்கட்டை, பள்ளத்துக்குப் போகச் சொன்னால் அழ ஒரு பெண்டாட்டி கிடையாது என்று துரையிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் உண்மைதான். ஒரு மனிதனைத் தனியாகக் கொண்டுபோய் வைக்க அவன் தனியாக இருப்பதையே காரணமாகச் சொல்கிற புத்தியை என்னவென்பது?

டைனமோவைப் பூட்ட வந்தவர் மயில்வாகனம், கொழும்புக் கம்பெனி ஒன்றின் போர்மன், யாழ்ப்பாணத்துக்காரர். அழகையாவை விட வயதில் சின்னவர். பொறுமை அதைவிடச் சின்னது. சுவரில் கல்பலகை ஒன்றை மாட்டி, அதில் ஊசி வைத்த இரண்டு வட்டங்களைப் பொருத்திவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

"இது வோல்ட். இது அம்பியர். வோல்ட்டை அம்பியராலை பிரிச்சா வாறது ஓம். விளங்கிச்சோ?"

அழகையா கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்னத்துக்குக் காணும் கும்பிடுறீர்?"

"ஓம்னு சொன்னீங்களேங்க."

"அது ஒரு வெள்ளைக்காரன்ர பேர்."

"வெள்ளக்காரன் பேரு ஓமுங்களா?"

"ஓம்."

"அதத்தாங்க கேக்குறேன். ஓமுங்களா?"

"ஓம் எண்டுதானே சொல்லுறன்!"

தோட்டத்தில் ஆமாங்க என்பதை யாழ்ப்பாணத்தார் ஓம் என்பார்கள் என்று அழகையாவுக்குத் தெரியவந்தபோது போர்மனின் முகம் சிவந்து போயிருந்தது. இரண்டெழுத்துச் சொல்லுக்குள் சாமி, வெள்ளைக்காரன், சம்மதம் என்று மூன்று பேர் குடியிருந்தால் பாவம், மனிதர் என்ன செய்வார்?

பிறகு மயில்வாகனம் வாய்க்காலைக் காட்டி விளக்கினார். தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அதுபோல வோல்ட். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ அதுபோல அம்பியர். வழியில் கிடக்கிற கல்லும் கட்டையும் எவ்வளவு மறிக்கிறதோ அது ஓம். உயரம் மாறாமல் இருக்கும்போது ஓம் கூடினால் ஓட்டம் குறையும்.

"ஓம்னு சொன்னா தடங்கல் போயிரும்னு எங்கப்பா சொல்லுவாருங்க. இங்க ஓமே தடங்கலுங்களா?"

மயில்வாகனம் அன்று முதல்முறையாகச் சிரித்தார். "இதைக் கொழும்பிலை போய்ச் சொல்லவேணும்," என்றார்.

கணக்கு அழகையாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கொட்டகை விளக்கையும் சேர்த்து மொத்தம் இருபது விளக்கு. எல்லாம் எரியும்போது வோல்ட் ஊசி நூற்றுப்பத்தில் நிற்கும், அம்பியர் ஊசி பத்தில் நிற்கும். நூற்றுப்பத்தைப் பத்தால் வகுத்தால் பதினொரு ஓம். இரண்டையும் பெருக்கினால் ஆயிரத்து நூறு வாட், அதுதான் டைனமோ இழுக்கிற பாரம். ஒரு விளக்கை மட்டும் எரித்தால் அரை அம்பியர், ஐம்பத்தைந்து வாட். அதன் ஓம் இருநூற்றிருபது.

இந்த இடத்தில்தான் அவர் சிக்கிக்கொண்டார். இருபது விளக்குக்குப் பதினொரு ஓம், ஒரு விளக்குக்கு இருநூற்றிருபதா? ஆள் கூடினால் தடை கூடத்தானே வேண்டும்?

"இல்லைக் காணும். இருபது விளக்கெண்டா இருபது வழி. வழி கூடினா தடக்குக் குறையும். தனி விளக்குக்கு ஒரு வழிதான். அதாலை தடக்கு முழுக்க அதுக்குத்தான்."

போர்மன் விளக்கைப் பற்றித்தான் சொன்னார். அழகையா அதைத் தன்னைப் பற்றியதாக எடுத்து மனதில் வைத்துக்கொண்டார்.

போர்மன் போன பிறகு அவருக்கு மேலே நடக்கிறதெல்லாம் ஊசி வழியாகத்தான் தெரிந்தது. பொழுது சாய ஸ்டோரில் விளக்குப் போடுவார்கள், ஊசி அரை அரைக் கோடாக ஏறும். வேலை முடிந்து ஒவ்வொரு அறையாக அணைப்பார்கள், அரை அரையாக இறங்கும். கடைசியில் அவருடைய கொட்டகை விளக்கு மட்டும் மிஞ்சும். "இருநூத்தி இருபது," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தண்ணீரை அடைப்பார். மேலே வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற தப்புச் சத்தம் கேட்காது, லயத்துச் சண்டை கேட்காது, பிள்ளை அழுவது கேட்காது. சக்கரத்தின் இரைச்சல் ஒன்றுதான் கேட்கும். அந்த இரைச்சலை மீறிப் பேசிப் பேசி அவருக்குக் கத்திப் பேசுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. எப்போதாவது மேலே போனால், "ஏன் அண்ணே சண்டைக்கு வர்றீங்க?" என்று கேலி பண்ணுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே அவர் மேலே போவதைக் குறைத்துக்கொண்டார். வாய்க்காலில் சருகு அள்ளுகிற கணபதி மட்டும் தினம் வந்து இரண்டு வார்த்தை பேசுவான்.

அந்தக் காலத்தில்தான் வேலாயி ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு பொறுக்கப் பள்ளத்துக்கு இறங்கினாள். புருசனை இழந்தவள், பிள்ளையில்லை, லயத்தில் அண்ணன் குடியிருந்த காம்பராவில் இருந்தாள். பகலில் கொழுந்து பறிப்பாள், மாலையில் ஸ்டோரில் தேயிலைக்குள் கிடக்கிற குச்சியைப் பொறுக்குவாள். தலையிலிருந்த விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இங்க ஒத்தையில எப்படிங்க இருக்கீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். தோட்டத்தில் அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. டைனமோ எப்படி ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். அவள் கிளம்பும்போது அழகையா விறகுக்கட்டைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல காய்ந்த விறகாகப் பார்த்து வெட்டி ஓரமாக அடுக்கி வைக்கத் தொடங்கினார். அவளும் வந்தாள், சிரித்தாள், எடுத்துக்கொண்டு போனாள். அவள் தன்னோடு வந்து இருப்பாளா என்பதைத் தவிர அவருக்கு உலகத்தில் வேறு கேள்வி இல்லாமல் போயிற்று.

கேட்க வேண்டியதுதானே? கேட்டிருக்கலாம். ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாத மனிதர் கல்யாணப் பேச்சை எப்படிக் கேட்பார்? கத்தினால் மலை முழுக்கக் கேட்கும். ஆகவே கணபதியைப் பிடித்தார்.

"குச்சி பொறுக்குற அறையில விளக்கு இருக்குல்ல? வேலாயிக்குச் சம்மதம்னா, நாளைக்கு எல்லா விளக்கும் போட்ட பொறவு அத ஒருக்கா அணைச்சு ஏத்தச் சொல்லு. ஊசி எனக்குச் சொல்லிரும். இஷ்டமில்லன்னா சும்மா விட்ரட்டும். யாரு மொகத்தையும் யாரும் பாக்க வேணாம்."

"இதுக்குப் போயி ஊசியா அண்ணே?"

"நீ போய்ச் சொல்லுடா."

முந்தின வாரம்தான் ஐப்பசி மழையோடு அடித்த காற்றில் சவுக்கு மரக் கிளையொன்று முறிந்து, ஸ்டோருக்குக் கரண்டு போகிற கம்பி மேல் விழுந்திருந்தது. கணபதிதான் ஏறி அதைத் தள்ளிவிட்டான். விளக்குகள் எரிந்தன, அதனால் யாரும் அதற்குமேல் பார்க்கவில்லை.

மறுநாள் மாலை ஊசி அரை அரையாக ஏறிப் பத்தில் வந்து நின்றது. அழகையா முக்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். வெளியே ஆற்றுப் பள்ளத்திலிருந்து மாலைக் காற்று மேலே ஏறத் தொடங்கியது. ஊசி துடித்தது. சட்டென்று இறங்கியது. மறுபடி பத்துக்கு வந்தது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். ஓம்! கும்பிடவும் தோன்றவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

கணபதி அந்த நேரம் பார்த்துப் பாதையில் இறங்கி வந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அழகையா அவன் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்துட்டேன்டா! ஊசி சொல்லிருச்சு! ஓம்னு சொல்லிட்டாடா!"

கணபதி அவர் முகத்தைப் பார்த்தான், ஊசியைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். "அப்பிடிங்களா அண்ணே? நல்லதுங்க," என்றான்.

கணக்குத் தெரிந்தவருக்கு ஒரு விசயம் தெரியாமல் இல்லை. ஒரு விளக்கை அணைத்தால் ஊசி அரைக் கோடு இறங்கும், பத்திலிருந்து ஒன்பதரைக்கு. அன்று இறங்கியது எட்டரைக்கு. அது மூன்று விளக்கின் கணக்கு. அந்த அறையில் எத்தனை விளக்கு என்று அவர் போய்ப் பார்த்ததில்லை. மூன்று இருக்கும் என்று வைத்துக்கொண்டார். ஒன்றை அணைக்கச் சொன்னால் மூன்றையும் அணைத்திருக்கிறாள், அவ்வளவு பிரியம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆசை வந்த மனிதனிடம் கணக்கு என்ன செய்யும்? அவன் சொன்ன விடையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கும்.

ஊசி அடுத்த நாளும் ஆடியது. அதற்கடுத்த நாளும் ஆடியது. "இன்னிக்கும் ஓம்," என்று சொல்லிக்கொள்வார். அவள் இனி அண்ணனிடம் சொல்லிவிட்டு வரவேண்டும், அதற்கு நாளாகும் என்று காத்திருந்தார். கொட்டகையின் ஒரு பக்கத்தைத் தகரத்தால் மறைத்து அறையாக்கினார். ஆற்றிலிருந்து ஒரு கல்லை உருட்டிக்கொண்டு வந்து அம்மி கொத்தினார். அடுப்புக்கு மண் குழைத்தார். வேலாயி விறகுக்கு வருவது நின்றுபோனது. நிச்சயமான பெண் மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு வரமாட்டாள்தானே என்று அதற்கும் சந்தோசப்பட்டார். தீபாவளிக்கு வருவாள் என்றிருந்தார். பொங்கலுக்கு என்றிருந்தார். மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் மேளம் காற்றில் லேசாகக் கேட்டபோது, இது முடியட்டும் என்று அவள் வீட்டில் இருப்பார்கள் என்று நினைத்தார். அவர் வாழ்க்கையிலேயே அவருக்குத் தனிமை உறைக்காத காலம் அது ஒன்றுதான். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமலே அவர் துணையோடு இருந்தார்.

பங்குனியில் மயில்வாகனம் வந்தார். ஸ்டோரில் விளக்குகள் மாலையில் மங்கி மங்கி எரிவதாகத் துரை எழுதிக் கூப்பிட்டிருந்தார். போர்மன் ஊசிக்கு முன்னால் நின்றார். காற்று ஏறியது, ஊசி எட்டரைக்கு விழுந்தது.

"இது எவ்வளவு காலமா?"

"கொஞ்ச நாளாங்க."

"ஏன் அறிவிக்கேல்லை?"

அழகையா தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி, கணக்கைச் சொல்லும். நூற்றிப்பத்தை எட்டரையாலை பிரியும்."

"பதிமூணுங்க, கிட்டத்தட்ட."

"பத்து அம்பியரிலை?"

"பதினொண்ணுங்க."

"அப்ப அந்த ரெண்டு ஓம் எங்கையிருந்து வந்தது?"

அழகையாவின் குரல் அன்றைக்கு மட்டும் இரைச்சலுக்குள் அமுங்கிப் போயிற்று. "யாராவது... மூணு விளக்க அணைச்சிருப்பாங்களோன்னு..."

"விளக்கை அணைச்சா மற்ற விளக்கு ஏன் காணும் மங்குது? மேலை எல்லாம் ஒண்டாய் மங்குதாம். இது கம்பியிலை உள்ள பிழை."

கிளை விழுந்த இடத்துக் கம்பத்தில் அவரே ஏறினார். இரண்டு கம்பியை முறுக்கிச் சேர்த்த மூட்டு கழன்று, துருப்பிடித்து, கரியாகக் கறுத்திருந்தது. காற்றில் கம்பி ஆடும்போதெல்லாம் அது விட்டு விட்டுப் பிடித்திருக்கிறது. கம்பத்தின் மேலிருந்தே அவர் கணக்குச் சொன்னார். எட்டரை அம்பியர் அந்த இரண்டு ஓமைத் தாண்டப் பதினேழு வோல்ட் போகிறது. பதினேழை எட்டரையால் பெருக்கினால் நூற்று நாற்பது வாட்டுக்கு மேல்.

"ரெண்டரை விளக்கின்ர வெளிச்சம் இந்தத் துருவுக்கை சும்மா எரிஞ்சு போச்சுது," என்றார்.

மூட்டைச் சுரண்டி, இறுக்கி, இறங்கினார். இருவரும் கொட்டகைக்குள் வந்து நின்றார்கள். காற்று பள்ளத்திலிருந்து ஏறியது. கம்பி ஆடியது. ஊசி பத்தில் அப்படியே நின்றது.

"பாத்தீரோ, அசையேல்லை," என்றார் மயில்வாகனம், திருப்தியாக.

அழகையா ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைந்துவிடாதா என்று அவர் மனம் கெஞ்சியது. அது அசையவில்லை.

அடுத்த நாள் வேலைவிட்ட நேரத்தில் அவர் முகம் மழித்துக்கொண்டு, துவைத்த வேட்டி கட்டி, மலையேறி லயத்துக்குப் போனார். வேலாயி ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியடியில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேலாயி! நீ அந்த விளக்க அணைச்சியா?"

மெதுவாகக் கேட்கத்தான் நினைத்தார். பழக்கதோசம், கத்திவிட்டார். பீலியடியில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வேலாயி குடத்தை நகர்த்திவிட்டு அவர் பக்கமாக வந்தாள்.

"நான் அந்தச் சனியனத் தொட்டதே இல்லீங்க. தொட்டா கரண்டு அடிச்சிரும்னு டீமேக்கர் ஐயா எங்கள யாரையும் கிட்டவே விடமாட்டாரு. கணபதிகிட்ட அன்னைக்கே சொல்லிவிட்டேனே, அவரே வந்து கேக்கட்டும்னு."

கணபதி அன்று மாலை வாயெடுத்ததும் மூடியதும் இப்போதுதான் அழகையாவுக்கு நினைவு வந்தது.

"ஊசி ஆடுச்சு புள்ள. தெனமும் ஆடுச்சு."

"ஊசியக் கேட்டா ஊசி ஆடும். என்னைய வந்து கேட்டிருக்கலாம்ல?" அவள் குரலில் கோபம்தான் முதலில் இருந்தது, பிறகு அது உடைந்தது. "வருவீங்கன்னு பாத்தேன். வெறகுக்கு வந்தா நானே தேடி வந்ததாப் போயிரும்னு அதையும் விட்டேன். மாசித் திருநா வரைக்கும் பாத்தேங்க. பொறவு அண்ணன் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துல ஒருத்தருக்குப் பேச்சுக் குடுத்துட்டாரு. பரிசமும் வந்திருச்சு."

"வந்து கேட்டிருந்தா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமான்னுதான் சொல்லியிருப்பேன்," என்றாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கணபதி அன்றே பள்ளத்துக்கு ஓடி வந்து அழுதான். "நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்கண்ணே. அவளே மனசு மாறிப் போயி அணைச்சிருப்பான்னு நெனச்சேன்." எனக்கு அவன் மேல் ஆத்திரம்தான் வருகிறது. வந்த சேதியைச் சொல்லாமல் விழுங்க இவன் யார்? ஆனால் அழகையா அவனைத் திட்டவில்லை. "நீ என்னடா செய்வ? கணக்கு எனக்கு மொத நாளே சொல்லுச்சு," என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அவனுக்குத் தேயிலைத் தண்ணீர் கொடுத்தாராம், தான் குடிக்கவில்லையாம்.

வைகாசியில் வேலாயி ஸ்பிரிங்வெளிக்குப் போய்விட்டாள். ஸ்டோரில் விளக்குகள் மங்காமல் எரிந்தன, துரைக்குச் சந்தோசம். அழகையா தகர மறைப்பைப் பிரிக்கவில்லை. அம்மியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டார். பழையபடி ஊசி ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார், வகுத்தார், கடைசி விடையைச் சொல்லிவிட்டுத் தண்ணீரை அடைத்தார். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அந்த விடையை இப்போது அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மறுவருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளைக்குப் போகிற வழியில் மயில்வாகனம் எட்டிப் பார்த்தார். பொழுது சாய்ந்திருந்தது. ஸ்டோர் பூட்டிக் கிடந்ததால் மேலே ஒரு விளக்கும் இல்லை. கொட்டகைக்குள் ஒற்றை விளக்கு எரிந்தது. போர்மன் தகர மறைப்பைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார், இவருக்கு ஏதோ கல்யாணப் பேச்சு நடந்ததாகக் கேள்விப்பட்டது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது.

"என்ன அழகையா, இன்னும் தனியத்தானோ இருக்கிறீர்?"

"ஓம்," என்றார் அழகையா.

வாழ்நாளெல்லாம் ஆமாங்க என்று சொன்ன வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு மயில்வாகனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய பேச்சு இவருக்கும் தொற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, விளையாட்டாகக் கேட்டார்.

"எத்தினை ஓம் காணும்?"

அழகையா ஊசியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இருநூத்தி இருபதுங்க," என்றார்.